லாச்சி

பாசிக்குடா ஹோட்டல்காரர் அனுப்பிய படிவத்தில்
பதினெட்டுக் கேள்வி.
தேத்தண்ணி ஆறமுதல்
பத்துக்கு "இல்லை" போட்டுவிட்டேன், பென்சிலால்.
கட்டாய வேலை: இல்லை.
சிறுவர்: இல்லை.
பதினோராவது கேட்டது:
நேரில் போய்ப் பார்த்தீர்களா?

பார்க்கவில்லை.
தோட்டம் போட்டுக் கொடுக்கிறவள் நான்.
செங்கல், ஆற்றுமணல், தும்புத்தூள்,
சதுர அடிக் கணக்கில் மலேசியன் புல்.
பட்டா வரும், இறக்குவார்கள், பில் வரும்.
வெட்டினவரின் விரல் எப்படியென்று
எந்தப் பில்லிலும் வருவதில்லை.

கரடியனாறு போனேன், சொல்லாமல்.
சொல்லிப் போனால்
கூட்டிப் பெருக்கி வைத்திருப்பார்கள்,
பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி வருகிற நாள் மாதிரி.

வாய்க்காலோரம் பாத்தி பாத்தியாய்ப் பச்சை.
நாலு பேர் குந்தியிருந்து
பாய் சுருட்டுவதுபோல் புல்லைச் சுருட்டினார்கள்.
ஒருவர் பெயர் சன்னாசி, பசறைப் பக்கம்.
வந்து பத்தொன்பது மாதம்.
ஊருக்குப் போகவில்லையா என்றேன்.
கத்தியைச் சாரத்தில் துடைத்தார்.
"கணக்கு முடியலைங்க."

கணக்கு:
மகளின் ஒப்பரேசனுக்கு வாங்கியது அறுபதாயிரம்.
பிறகு அரிசி, பருப்பு, கொட்டில் வாடகை, இந்தக் கத்தி,
மழைக்கு வேலை நின்ற நாள்கள்.
பத்தொன்பது மாதம் வெட்டியபின்
மிச்சம் எழுபத்துநாலாயிரம்.
வெட்ட வெட்ட வளர்வது
புல் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

அருள்நேசன் சோடா உடைத்துத் தந்தார்.
இவர்களின் ஐசி எங்கே என்றேன்.
"பத்திரமா வெச்சிரிக்கன். குடுத்தா துலைச்சிருவானுகள்."
லாச்சியை இழுத்தார்.
ரப்பர் பேண்ட் போட்ட நாலு முகம்.
மேலே சன்னாசி, தாடி இல்லாமல்,
யாரோ கூப்பிட்டு நிமிர்ந்ததுபோல்.

கோபம்.
கறுத்தப் பாலம்வரை பட்டாவை விரட்டிய கோபம்.
செங்கலடி தாண்டும்போது
அருள்நேசனுக்குச் சொல்லவேண்டிய வசனமெல்லாம்
வாய்க்குள் தயார்.
மறுகா ஏறாவூரில்,
மாடுகள் றோட்டைக் கடக்கட்டும் என்று நின்றபோது
கிருபைராசா ஞாபகம் வந்தான்.

போன ஆவணியில்
மோட்டார் சைக்கிள் லீசிங் கட்ட முப்பதாயிரம் கேட்டான்.
எண்ணிக் கொடுத்துவிட்டு,
"ஐசிய இதில வெச்சிற்றுப் போ,
கடைசிக் காசோட எடு" என்றேன்.
சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.
அவனும் சிரித்தான்.
தை மாதம் ஒருநாள்,
கல்முனையில் கூடச் சம்பளத்துக்கு
ஆள் தேடுகிறார்களாம் அக்கா என்றான்.
கேள்வியாகக் கேட்கவில்லை அவன்.
கேள்வியாக எடுக்கவில்லை நான்.
போடியார், முல்லைக்காரன் காலமெல்லாம் போச்சென்று
மாதர் சங்கத்தில் பேசியவள்தான் நான்.

கல்லடிப் பாலத்தைக் கடந்ததே தெரியவில்லை.
லாச்சிக்குள் கம் டேப், கரண்ட் பில்,
முளைக்காத விதைப் பைக்கற்று ஒன்று,
அடியில் அவன்.

இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து வாங்கினான்.
"அப்ப காசு?"
காசு காசுதான், மாதம் இரண்டாயிரம், எழுதி வைப்போம்,
ஒரு பிரதி உனக்கு;
போவதென்றால் போ, கடன் உன்னைப் பிடித்து வைக்காது என்றேன்.
நன்றி சொல்வானென்று
உள்ளுக்குள் ஒரு மூலை காத்திருந்தது.
திங்கள் கல்முனைக்குப் போய்விட்டான்.

அருள்நேசனிடம் மூன்று சொன்னேன்:
அட்டை கையில், கணக்குக் கொப்பி கையில், கூலி கையில்.
அதுவரை புல் வேண்டாம்.
ஹோட்டல் முற்றம் மூன்று கிழமை வெறும் செம்மண்;
மனேஜர் இரண்டு தரம் கத்தினார்.
இப்போது எல்லாம் கொடுத்தாயிற்று என்கிறார்,
சன்னாசி ஊருக்குப் போய்விட்டார் என்கிறார்.
சன்னாசி எழுதித் தந்த நம்பர்
அடித்து அடித்து நிற்கிறது.

படிவத்தில் பத்து "இல்லை"யையும் அழித்தேன்.
கடதாசி ஒரு இடத்தில் கிழிந்தது.
பதினோராவது இன்னும் வெறுமை.
பசறைக்குப் பஸ் விடிய ஐந்தேகாலுக்கு.